சட்டை மாற்றாதவர்களின் சுவர்

எங்கள் வீட்டுக்காரர் ஓர் இத்தாலியர். தரைக்குக் கல் பதிக்கும் வேலை செய்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் அவருடைய இரண்டு தட்டு வீட்டில் கீழே அவர், மேலே நானும் மனைவியும் சின்ன மகளும். வீடு பார்க்கப் போன முதல் நாள், அவருடைய முன்னறைக்குள் கால் வைத்ததுமே என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். சுவர் நிறையச் சட்டம் போட்ட படங்கள். எல்லாரும் ஆண்கள், எல்லாரும் ஒரே நிறச் சட்டை. ஒவ்வொரு படத்துக்கும் மேலே பிளாஸ்டிக் பூ. கீழே மெழுகுதிரி வடிவத்தில் ஒரு சின்ன மின்விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

எங்கள் ஆட்களிடம் இதற்கு ஒரே பொருள்தான். படத்துக்குப் பூவும் விளக்கும் வந்துவிட்டால் ஆள் போய்விட்டார். யாரிடமும் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயமே இல்லை.

"இத்தனை பேரையும் பறிகுடுத்துப்போட்டு இந்த மனுசன் எப்பிடித் தனிய இருக்குது?" என்று மனைவி என் காதுக்குள் கேட்டாள். பஸ் விபத்தாக இருக்கும் என்று நான் சொன்னேன். எல்லாரும் ஒரே சட்டை போட்டிருந்ததால் எனக்கு அப்படித்தான் பட்டது. அந்த இரக்கத்திலேயே குளியலறையைக்கூடச் சரியாகப் பார்க்காமல் வீட்டை எடுத்துவிட்டோம்.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டைச் சனம்தான் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கும். எந்தக் காலத்துச் சாவு என்று தெரியாவிட்டாலும் முறை முறைதானே. குடிவந்த முதல் வெள்ளிக்கிழமையே மனைவி சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி என்று மரக்கறிச் சாப்பாடாகச் சமைத்து, துக்கம் விசாரிக்கிற முகத்தோடு கீழே இறங்கினாள். கிழவர் முதல் வாயிலேயே கண்கலங்கினார். பச்சை மிளகாயின் வேலை அது. மனைவி அதைப் பழைய துயரம் என்று எடுத்துக்கொண்டு, அடுத்த வெள்ளியும் சமைத்தாள். புதிதாகக் குடிவருகிறவர்கள் வீட்டுக்காரருக்குச் சோறு போடுவது தமிழர் வழக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார். தெரு முழுக்க எங்கள் இனத்தைப் புகழ்ந்தும் திரிந்தார்.

பனிக்காலம் வந்தபோதுதான் உண்மை தெரிந்தது. இத்தாலியில் நடக்கும் உதைபந்தாட்டம் ஒன்றைத் தொலைக்காட்சியில் பார்க்க எங்களைக் கூப்பிட்டிருந்தார். இடைவேளையில் திரையில் தலை நரைத்த ஒருவரிடம் ஏதோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். மனைவி கோப்பியைக் கீழே வைத்தாள். தொலைக்காட்சியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, அந்த மூண்டாவது படத்தில இருக்கிற அண்ணை உயிரோட இருக்கிறார். இவருக்கு ஒருத்தரும் சொல்லேல்லப் போல. பக்குவமாச் சொல்லுங்கோ."

நான் என் துறைமுகத்துப் பிரெஞ்சில் பக்குவமாகச் சொல்ல முயன்றேன். மொன்றியல் துறைமுகத்துக் களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டுகிறவன் கற்ற பிரெஞ்சு அது. தள்ளு, இழு, கவனம் என்பவற்றுக்கு நன்றாக உதவும். இறந்துபோன சொந்தக்காரர் திரும்பி வந்துவிட்டார் என்று ஒருவரிடம் சொல்வதற்கு அவ்வளவாக உதவாது. கிழவருக்கு விளங்க இரண்டாம் பாதியில் அரைவாசி போய்விட்டது. விளங்கியதும் அவர் சிரித்த சிரிப்பில் ஒரு கோலை நாங்கள் மூவருமே பார்க்கவில்லை.

சுவரில் இருந்தவர்கள் எல்லாரும் அவருடைய ஊர்க் கழகத்தின் ஆட்டக்காரர்கள். அதிலும் எல்லாருக்கும் அங்கே இடமில்லை. பொடியனாக வந்து சேர்ந்து, கால் ஓயும்வரை வேறு கழகத்தின் சட்டையைப் போடாதவர்களுக்கு மட்டும்தான். அப்படிப்பட்டவரை இத்தாலியில் 'கொடி' என்பார்களாம். கொடி இடம் மாறாது, காற்றுத்தான் மாறும் என்று அவர் விளக்கினார். பூவும் விளக்கும் கோயிலில் புனிதர்களுக்கு வைப்பதைப் பார்த்து வைத்ததாம்.

அவருக்கு மிகப் பிடித்தவர் கோல் அடித்தவரோ தலைவரோ இல்லை. பதினைந்து வருடத்துக்கு மேல் மைதானத்துக்கு வெளியே வாங்கிலேயே குந்தியிருந்த மாற்றுக் கோல்காப்பாளர். முதலாமவருக்கு ஒரு காய்ச்சல்கூட வராததால் மனிதர் இறங்கி ஆடியதே அருமை. மற்றக் கழகங்கள் முதலிடம் தருகிறோம் என்று கூப்பிட்டும் போகவில்லையாம். ஆடுகிறவன் நிற்பது பெரிய காரியமா, ஆடாமல் நின்றானே என்று கிழவர் அந்தப் படத்தின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொல்வார்.

கழகம் மாறிப் போனவர்களுக்கும் ஓர் இடம் வைத்திருந்தார். கீழ்நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் கொதிகலனுக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்த்தபடி ஒரு படம் சாத்தியிருந்தது. பெரிய கோல்காரராம். பத்துப் பன்னிரண்டு வருடம் ஆடிவிட்டு, எதிர்க் கழகத்துக்கு மாறிப் போனவர். கொதிகலன் திருத்த வருகிறவர்கள்கூட அந்தப் படத்தைத் திருப்பிப் பார்க்க அனுமதியில்லை. எங்களுக்கு முன் மேல்தட்டில் இருந்த குடும்பம் தெருவுக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்குக் குடிமாறிப் போயிருந்தது. அவர்கள் தினமும் 'போன்ஜூர்' சொல்வார்கள். கிழவர் மரத்தைப் பார்ப்பார்.

இந்த ஊரில் வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் யூன் கடைசியில் முடியும். யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிப்பேர் மெத்தையும் கையுமாகத் தெருவில் நிற்பார்கள். ஆட்டக்காரரின் ஒப்பந்தமும் அதே யூன் கடைசியில்தான் முடியுமாம். இந்தப் பொருத்தத்தை நினைத்து நினைத்துக் கிழவர் பூரித்துப்போவார். வசந்தம் பிறந்ததும் என்னைக் கீழே கூப்பிடுவார். நான் கையெழுத்து வைப்பேன். அந்தச் சுவருக்கு முன்னால் இருவரும் கைகுலுக்கிக்கொண்டு நிற்க, மனைவி படம் எடுக்க வேண்டும். கழகங்கள் அப்படித்தான் செய்யுமாம். படங்களில் என் தலைமயிர் வருடாவருடம் பின்வாங்குவதைக் காணலாம். கிழவரின் புன்னகை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் புறநகர்ப் பக்கம் கர்க்லாண்டில் ஒரு வீடு வந்தது. மகள் வளர்ந்து வேலைக்குப் போய், அந்தப் பக்கத்திலேயே பார்த்துவைத்த வீடு. மனைவிக்கு முற்றம், மகளுக்குத் தனியறை, எனக்கு மாடிப்படி ஏறாத முழங்கால். வாங்குவது என்று முடிவாகிவிட்டது. கிழவரிடம் சொல்வது யார் என்பதில்தான் முடிவில்லை. மகள் தன் பிரெஞ்சு நல்லதென்றாலும் மனம் இளகியது என்றாள். மனைவி சோறு கொண்டுபோகிற கையால் இதைக் கொண்டுபோக மாட்டேன் என்றாள். ஆகவே நான்.

எனக்கு உள்ளபடியே பயமாக இருந்தது. வீடு கொடுத்தவர் கோபிப்பாரே என்ற பயமில்லை. அந்த மனிதர் நாளைக்கு என்னைத் தெருவில் கண்டு மரத்தைப் பார்த்தால் என்னால் தாங்க முடியாது. இந்த ஊரில் என்னை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் அவர். மகளுக்குச் சைக்கிள் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான். கொதிகலனுக்குப் பின்னால் முகம் திருப்பி நிற்கிற ஆளாக எனக்கு விருப்பமில்லை.

வசந்தம் வந்தது, கூப்பிட்டார், இறங்கினேன். மேசையில் பேனா, கோப்பி, பழைய கைகுலுக்கல் படங்கள். போன வருடத்துப் படத்துக்குச் சட்டம்கூடப் போட்டு வைத்திருந்தார். நான் கர்க்லாண்டில் வீடு என்று மட்டும் சொன்னேன். அதற்குமேல் துறைமுகத்துப் பிரெஞ்சு நகரவில்லை.

அவர் பேனாவை மூடினார். சட்டம் போட்ட படத்தை எடுத்தார். நிலவறைக் கதவைத் திறந்து, இரண்டு படி இறங்கினார். கொதிகலன் இரைவது கேட்டது. நான் கதிரையை விட்டு எழும்பவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் அரைவாசியில் நின்றேன்.

படியில் நின்றபடியே அவர் கேட்டார். "அங்கே வீட்டுக்காரர் யார்?"

"ஒருத்தரும் இல்லை," என்றேன். "நாங்கள்தான்."

"வேறு வீட்டுக்காரர் இல்லையா?"

"இல்லை. இனிமேல் நான் யாருக்கும் குடியில்லை."

 அவர் ஒரு படி ஏறி வந்தார். முகத்தில் கணக்கு ஓடுவது தெரிந்தது. "அப்படியென்றால் நீ கழகம் மாறவில்லை," என்றார் மெதுவாக. "நீ ஓய்வு பெறுகிறாய்."

ஓம் ஓம் என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். என் வாழ்நாளில் எதற்கும் அவ்வளவு விரைவாக ஒத்துக்கொண்டதில்லை.

யூலை முதலாம் திகதி எங்கள் மெத்தை படியிறங்கியபோது அவர் வாசலில் உட்கார்ந்தபடி கைதட்டினார். குளிர்பெட்டி இறங்கியபோதும் தட்டினார். நான் கடைசியாக ஒரு கத்தரிக்காய்ச் செடிச் சட்டியோடு இறங்கியபோது எழுந்து நின்று தட்டினார்; அதற்காகவே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தார் என்று பிறகுதான் விளங்கியது. தெருவுக்கு அந்தப் பக்கம் போன பழைய குடித்தனக்காரர் பொறாமையோடு பார்த்தார்.

வெள்ளிக்கிழமைச் சோறு நிற்கவில்லை. முதல் வெள்ளி கர்க்லாண்டிலிருந்து காரில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த மனைவி, முன்னறைக்குள் போனதும் அப்படியே நின்றாள். சுவரில், மாற்றுக் கோல்காப்பாளருக்குப் பக்கத்தில், நான். மேலே பிளாஸ்டிக் பூ. கீழே சிவப்பு விளக்கு.

"ஐயோ, ஆளை உயிரோட வச்சுக்கொண்டு," என்று தொடங்கியவளுக்கு மேலே வார்த்தை வரவில்லை. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். பிறகு வார்த்தை வந்தது, நிறைய வந்தது. படம் இருக்கட்டும், பூவையும் விளக்கையும் எடுக்கச் சொல்லுங்கோ என்பது அதன் சாரம். விளக்கு இல்லாவிட்டால் அது வெறும் படம், கொடி இல்லை என்று கிழவர் பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஒரு சமாதானம் வந்தது. பூ போகும். நாங்கள் வந்து வாசல் மணி அடித்ததும் அவர் என் விளக்கை அணைத்துவிடுவார்.

அன்று புறப்பட்டுக் காரில் ஏறும்போது திரும்பிப் பார்த்தேன். யன்னலுக்குள் என் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உயிரோடு இருக்கிறவன் தனக்கு எரியும் விளக்கைப் பார்ப்பது நல்லதில்லை என்பார்கள். எனக்குப் பிடித்திருந்தது. பனியில் வந்து இறங்கிய நாளிலிருந்து இந்த ஊர் எனக்குத் தந்த பெரிய பட்டம் அதுதான். மனைவியும் பார்த்திருப்பாள். கார்ப்பட்டியைப் போடுவதில் மிகவும் மும்முரமாக இருந்தாள்.

போன மாதம் ஒரு வெள்ளி, தெருவில் காரை நிறுத்தும்போதே அவள் யன்னலைப் பார்த்துவிட்டாள். வரிசையில் எல்லா விளக்கும் எரிகின்றன, என்னுடையது மட்டும் இல்லை. நாங்கள் இன்னும் வாசல் மணி அடிக்கவில்லை.

"ஏன் அது எரியேல்ல?" என்றாள்.  விளக்கு வைத்தால் ஆகாது. வைத்த விளக்கு தானாக அணைந்தால் அதைவிட ஆகாது. சட்டியை என் கையில் தந்துவிட்டு எனக்கு முன்னே ஓடினாள்.

மின்குமிழ் பழுதாகிவிட்டது, நாளைக்கு வாங்குவேன் என்றார் கிழவர். நாளைக்கு என்ற சொல்லே அவளுக்குக் கேட்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, மாற்றுக் கோல்காப்பாளரின் குமிழைக் கழற்றி, என்னுடையதில் திருகினாள். தன் மிகப் பெரிய புனிதர் இருட்டில் நிற்பதைக் கிழவர் பார்த்தார். சண்டை வரப்போகிறது என்று நான் சட்டியோடு நடுவில் போனேன்.

"பரவாயில்லை," என்றார் அவர். "அவருக்குக் காத்திருந்து பழக்கம்."

மனைவி இறங்கி, சற்று விலகி நின்று பார்த்தாள். "எரியட்டும்," என்றாள். அன்று அணைக்கச் சொல்லவில்லை. நாங்கள் மூவரும் அந்த வெளிச்சத்தில் இருந்து கத்தரிக்காய்க் கறி சாப்பிட்டோம்.