சிகேலிக்குப் போட்ட டின் மீன்

ரக்பியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்குத்தான் பேரும் புகழும். முன்வரிசையில் நின்று முட்டித் தள்ளுகிறவனுக்கு நசுங்கிப்போன காதுதான் மிச்சம். சிகேலி தள்ளுகிறவன். ஃபிஜியின் கண்டாவு தீவில் நாகாலி கிராமத்தில் பிறந்தவன். பிரான்ஸின் தென்மேற்கு மூலையில் ஒரு இரண்டாம் நிலை கிளப்புக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள், எட்டுப் பேர் தலைகோத்து எதிராளிகளைத் தள்ளும் ஸ்க்ரமில் முன்னால் நின்றான்.

ஃபிஜிக்காரன் என்றாலே காற்றாய்ப் பறப்பான் என்று உலகத்துக்கு ஒரு நினைப்பு. சிகேலியின் உடம்பு ஏழு வயதிலேயே ஓட மறுத்துவிட்டது. பந்து இல்லாத நாட்களில் துணி அடைத்த பிளாஸ்டிக் பாட்டிலை வைத்து ஊர்த் திடலில் ஆடுவார்கள். "நீ ஓடாத மச்சான், சும்மா நில்லு. எவன் வந்து மோதிச் சாகிறான்னு பாப்போம்" என்பான் அத்தை மகன் வைசாலே. அந்தக் கிண்டலே பிழைப்பாகிவிட்டது. தலைநகர் சுவாவில் அவன் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் கையோடு கூட்டிப் போனார்.

அந்தக் குளிர் ஊரின் மீது அவனுக்கு ஒரு குறையும் இல்லை. கழுத்து சுளுக்கிப் படுத்தால் ரொட்டிக் கடைக்காரர் சூப்பு கொண்டுவந்து கொடுப்பார். சம்பளத்தில் நாகாலி தேவாலயத்துக்குக் கூரை போட்டான், அப்பாவுக்கு மோட்டார் படகு வாங்கிக் கொடுத்தான். அப்பா அந்தப் படகில் மீன் பிடித்ததைவிட, "என் மகன் வாங்கினது" என்று அக்கம்பக்கத்து ஊர்களுக்குக் காட்டப் போனதுதான் அதிகம்.

அந்த அப்பா இறந்த வாரம்தான் கிளப் கீழ்நிலைக்கு இறங்குமா, தப்புமா என்கிற ஆட்டம். அவன் இடத்தில் நிற்க வேண்டிய மாற்று ஆளுக்குத் தோள் உடைந்திருந்தது. சிகேலி ஆடினான். கிளப் தப்பியது, அடக்கம் அவனில்லாமல் நடந்தது. அதற்குப் பிறகு ஊர் முகத்தில் எப்படி விழிப்பது என்று இரண்டு வருஷம் போகவே இல்லை. போனில் பேசினாலும் அப்பா பேச்சு வந்தால் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான்.

முழங்கால் ஓய்ந்து ஒப்பந்தம் முடிந்தபோது வேறு போக்கிடம் இல்லை. மனைவி லிதியாவோடு, ஃபிஜி வழக்கப்படி மன்னிப்புக் கேட்கத் திமிங்கலப் பல் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினான். ஊர் அதை வாங்கினால் அவனுக்கு ஊர் உண்டு. வாங்காவிட்டால் அவன் யாருமில்லை.

படகு பவளப்பாறையைத் தாண்டும்போது, ஆழமில்லாத நீரில் துணி கட்டிய கம்பு ஒன்று நட்டிருப்பதைப் பார்த்தான். சாவு விழுந்தால் அந்தக் கடலில் மீன் பிடிக்காமல் மூடிவைத்து, நூறாவது இரவு கழிந்ததும் திறப்பது வழக்கம். அடுத்தது யார் போனார்களோ என்று நெஞ்சு பதறியது. கேட்கவும் வாய் வரவில்லை.

கரையில் வைசாலே நின்றிருந்தான். "வாய்யா பிரெஞ்சுக்காரா! படகு ஒரு பக்கமா சாயுதேன்னு பாத்தேன், நீதானா?" என்றான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊர்க் கூடத்தில், ஊர்த் தலைவரான பெரியப்பா ஒசேயா முன்னால் தரையில் அமர்ந்து, பல்லை இரு கையாலும் நீட்டினான் சிகேலி. அடக்கத்துக்கு வராததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டான். ஒசேயா பல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "சரி, சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

சாப்பாடு வந்தது. மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும்.

கடலோர ஊரில் விருந்தாளிக்கு டின் மீன்! இதைவிடத் தெளிவாக ஒருவனை வெளியே போ என்று சொல்ல முடியாது. சிகேலியின் முகம் கறுத்தது. "பேசாம சாப்பிடுங்க" என்று லிதியா முழங்கையால் இடித்தாள். இரண்டு வாய் தின்றான், மூன்றாவது இறங்கவில்லை.

"பெரியப்பா, கோபம்னா திட்டிடுங்க. இப்படி வேணாம்."

ஒசேயாவுக்குப் புரியவில்லை. வைசாலேதான் விழுந்து விழுந்து சிரித்தான். "டேய், கம்பைப் பாக்கலியா நீ?"

"பாத்தேன். யாரு போயிட்டா?"

"உங்கப்பாடா!"

"நூறு ராத்திரி எப்பவோ முடிஞ்சிருச்சே?"

"முடிஞ்சிது" என்றார் ஒசேயா. "அன்னிக்கு எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்டேன். மகன் வந்து கம்பைப் பிடுங்கட்டும்னு வீட்டுக்கு வீடு சொல்லிட்டாங்க. உனக்குச் சொல்லக் கூடாதுன்னேன். சொன்னா கடனேன்னு ஓடி வருவ. நீயா வரணும்."

"காத்து அடிக்காத நாள்ல வெளிக்கடலுக்குப் போவோம்" என்றான் வைசாலே. "மத்த நாளெல்லாம் இதுதான். உனக்கு மானம் பெருசாப் போச்சு, எங்களுக்கு டின் மீன். என் சின்னவ பாறை மீனைத் தின்னதே கிடையாது, தெரியுமா?"

ஊர் தன்னை வெறுக்கிறது என்று எண்ணிப் பிரான்ஸில் ஒளிந்திருந்த மாதமெல்லாம், இவர்கள் அவனுக்காக வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் எத்தனையோ பேர் முட்டியும் அசையாதவன், அந்தக் கூடத்தில் உட்கார்ந்தபடியே குலுங்கினான். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் காலை இடுப்பளவு நீரில் இறங்கிக் கம்பைப் பிடுங்கினான். இரண்டு வருஷமாக மனிதக் கையைப் பார்க்காத மீன்கள் பயமில்லாமல் காலைச் சுற்றின. முதல் வலையில் விழுந்ததில் கொழுத்த ஒன்றைத் தணலில் சுட்டு, முள் எடுத்து, வைசாலேயின் சின்ன மகளுக்கு ஊட்டினான்.

அவள் மென்று பார்த்து முகத்தைச் சுளித்தாள். "டின் மீன்தான் நல்லா இருக்கு, மாமா."

கரையே சிரித்தது. சிகேலி அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு துண்டு எடுத்தான்.