பொழுது இருக்கும்போதே

எங்கள் கம்ப்யூட்டர் சொன்னதை நம்புவதென்றால், அந்த வருடம் திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்கள் எல்லோருக்கும் ஒரே ஆசைதான் இருந்தது. ஊட்டிக்குப் போக வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் மூன்று துறைகள் சேர்ந்து செய்த ஆராய்ச்சி அது. சமூகவியல் மாணவிகள் கம்பெனி கம்பெனியாகப் போய், சாப்பாட்டு நேரத்தில் பெண்களிடம் பேசிப் பதிவு செய்து வருவார்கள். கணினித் துறையின் புரோகிராம் அந்தக் குரலை எழுத்தாக மாற்றும். தமிழ்த் துறையிலிருந்து போன எனக்கு, குரலைக் கேட்டுக்கொண்டே எழுத்தைச் சரிபார்க்கும் வேலை. என் அம்மா அருள்புரத்தில் ஒரு கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்து ஒதுக்குவார். நானும் செக்கிங்தான் என்று வீட்டில் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

முதல் நூறு பதிவுகளில் ஆரம்பச் சில நிமிடங்களை ஒழுங்காகக் கேட்டேன். கம்பெனிகளின் இரைச்சலையும் மீறிக் கம்ப்யூட்டர் அழகாகத்தான் எழுதியிருந்தது. ‘போகோணும்’ என்றால் ‘போக வேண்டும்’ என்று அதுவே திருத்திக் கொடுத்தது. பிறகு சோம்பல் வந்துவிட்டது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணால் மட்டும் படித்துக்கொண்டே போனேன். யாருக்குத் தெரியப்போகிறது?

பேட்டியின் கடைசிக் கேள்வி, ‘உங்களுக்கு ஓர் ஆசை சொல்லுங்கள்’ என்பது. மத்தியான வேளையில், மின்விசிறி சுற்ற, அந்தப் பதில்களைப் படிப்பது சுகமாக இருக்கும். ஊட்டிக்குப் போக வேண்டும். சீக்கிரம் ஊட்டிக்குப் போக வேண்டும். பிள்ளைகளோடு ஊட்டிக்குப் போக வேண்டும். படிக்கப் படிக்க எனக்குக் கண் செருகும். ஓவர்லாக் தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டுப் பெண்கள் எழுந்து பனிக்குள் நடந்து போவார்கள். தலையில் ஒட்டிய பஞ்சுத்தூசி எது, பனித்துளி எது என்று தெரியாது. யாரும் மணி பார்ப்பதில்லை. சூப்பர்வைசரும் ஒரு மரத்தடியில் பேசாமல் நிற்பார். நான் அந்த ஊட்டியிலேயே பல நாட்கள் குடியிருந்தேன்.

கணினித் துறைப் பேராசிரியர் வெளியூர்க்காரர், ரொம்ப நல்லவர். சொற்களை எண்ணிப் படமாகப் போட்டபோது ‘ஊட்டி’ என்ற சொல்தான் நடுவில் பெரிதாக நின்றது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் அதைத்தான் பேசப்போவதாகச் சொன்னார்.

அந்த வாரம்தான் அம்மாவின் பதிவு என் கைக்கு வந்தது. சமூகவியல் மாணவிகள் எடுத்தது. பெயர் கிடையாது, எண் மட்டும். ஆனால் ‘என் மகள் பெரிய காலேஜில் பனியன் கம்பெனியைப் பற்றிக் கம்ப்யூட்டரில் படிக்கிறாள், என்ன படிக்கிறாள் என்றுதான் தெரியவில்லை’ என்று திரையில் படித்ததும் அம்மாதான் என்று புரிந்துவிட்டது. கீழே கடைசிப் பதில்: ‘ஒரு நாளாவது பொழுது இருக்கும்போதே ஊட்டிக்குப் போக வேண்டும்.’

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொழுது இருக்கும்போதே என்றால், உடம்பில் தெம்பு இருக்கும்போதே என்றல்லவா அர்த்தம்! பக்கத்தில் இருக்கிற ஊட்டி. இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லையே என்று அம்மா மேல் கோபமும் வந்தது. காரணம் சொல்லாமல் புதன்கிழமைக்கு லீவு போடச் சொன்னேன். ஷிப்மெண்ட் நேரம் என்று முனகிக்கொண்டே போட்டார்.

புதன் காலையில் பையோடு நின்று, “கெளம்பும்மா, ஊட்டிக்குப் போறோம்” என்றேன்.

“ஊட்டிக்கா? அங்க எதுக்குக் கண்ணு?”

“நீதான ஆசைன்னு சொல்லியிருக்க!” லேப்டாப்பைத் திறந்து காட்டினேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “நா எங்க ஊட்டின்னேன்? ஊட்டுக்குன்னல்லோ சொன்னேன். பொழுது இருக்கறப்பவே ஊட்டுக்குப் போகோணும்னேன்.”

ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். ஊட்டுக்கு. அடுத்த பதிவு, அதற்கடுத்தது, இருபது பேர் வரைக்கும் ஓடவிட்டேன். ஊட்டுக்கு, ஊட்டுக்கு, ஊட்டுக்கு. கம்ப்யூட்டருக்கு ஊட்டி தெரியும், எங்கள் ஊடு தெரியாது. அதைச் சொல்லிக் குற்றமில்லை. ஊட்டில் பிறந்து ஊட்டில் வளர்ந்தவள், பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் வாரமே யாரும் சிரித்துவிடக்கூடாது என்று அதை வீடு என்று மாற்றிக்கொண்டவள், நான்தான். வெட்கமாக இருந்தது.

“கண்ணுல மட்டும் பாத்து உட்டுட்டயாக்கு?” என்றார் அம்மா. “எங்க கம்பெனியா இருந்தா அத்தன பீஸும் ரிட்டர்ன்தான் போ.”

பேராசிரியருக்குப் போன் செய்தேன். “ஊட்டி இல்லீங்க சார். ஊடு.”

“ஊடுன்னா?”

“வீடுங்க சார். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு சொல்லியிருக்காங்க. நான் கேக்காமயே உட்டுட்டேன்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “எல்லாருமேவா?” என்று மட்டும் கேட்டார்.

“இதுவரைக்கும் கேட்ட எல்லாருமேதாங்க சார்.”

வெள்ளிக்கிழமை அவர் ஊட்டியைப் பற்றிப் பேசவில்லை. நான் முதல் எண்ணிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன், இந்தத் தடவை காதால்.

ஆனால் என் நினைவில் நிற்பது அந்தப் புதன்கிழமைதான். நாங்கள் எங்கும் போகவில்லை. அம்மாவுக்கு வாரத்தில் ஆறு நாளும் ஒன்றரை ஷிஃப்ட், காலை எட்டரைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஞாயிற்றுக்கிழமைப் பகல் தூக்கத்திலேயே போய்விடும். அன்றைக்குத் தூங்கவில்லை. சாயங்காலம் லைன் வீட்டின் முன்னறையில் சும்மா உட்கார்ந்திருந்தார். மேற்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, தரையில் நகர்ந்து, சிலிண்டரைத் தொட்டு, சுவரில் ஏறியது. பதினோரு வருடமாக நாங்கள் குடியிருக்கும் வீடு. அறை முழுக்க மஞ்சளாகி, எவர்சில்வர் டம்ளர்கூட யாருடையதோ மாதிரி தெரிந்தது. அம்மா காலை நீட்டி அந்த வெளிச்சத்தில் வைத்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏங் கண்ணு,” என்றார், “இது தெனமும் இப்படித்தான் வந்துட்டுப் போகுதா?”