பால் கறக்கிற கோட்டு

என் புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போன மறுநாள் காலையில் கறுப்புப் பசு என்னை உதைத்தது. வாளி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இடுப்பில் பட்ட இடம் முதலில் கறுத்தது, பிறகு பச்சையானது, பிறகு மஞ்சளானது. அதுவரைக்கும் அந்தப் பசுவின் காம்பை நான் தொட்டதே இல்லை. புல் அறுப்பது, சாணி அள்ளுவது, தண்ணீர் சுமப்பது, கன்றுக்குக் கழிச்சல் வந்தால் கழுவிவிடுவது எல்லாம் என் வேலை. கறப்பது மட்டும் அவர் வேலை. கறக்கிறவரைத்தான் ஊரில் மாட்டுக்காரர் என்பார்கள். சாணி அள்ளுகிறவளுக்கு அப்படிப் பெயர் எதுவும் கிடையாது.

எங்களிடம் மூன்று மாடுகள் இருந்தன. லிந்துலைக்கு மேலே, தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பின்னால், தேயிலை பிடிக்காத ஒரு சரிவில் தகரம் போட்ட மாட்டுப்பட்டி. மூன்றில் ஒன்று சினை, ஒன்று கிடாரி. பால் தந்தது கறுப்புப் பசு மட்டும்தான். அதன் கன்றை ஏற்கெனவே பால் மறக்கடித்துவிட்டோம். ஆகவே கன்றைக் காட்டி ஏமாற்றிக் கறக்கவும் வழியில்லை.

அந்த மடி வற்றினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மாட்டை விற்க வேண்டும். தோட்டத்தில் பேர் பதிந்துகொண்டு கொழுந்து பறிக்கப் போக வேண்டும். பெரியவள் மூன்றாம் வகுப்பு, அவள் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். சின்னவளுக்கு நாலு வயது. அவளைப் பிள்ளைக் காம்பராவில் விட வேண்டும். கொழுந்துக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. இப்போது சுவரில் முயலும் வாத்தும் வரைந்து வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். என்ன வரைந்தால் என்ன. நான் அங்கே வளர்ந்தவள். மழை நாளில் தாய்மார் எல்லாரும் இடுப்பில் படங்குச் சாக்கு கட்டி, தலையில் ரப்பர் சீட்டைப் போட்டுக்கொண்டு ஒரே மாதிரி வாசலில் வந்து நிற்பார்கள். நான் வேறு யாரிடமோ ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்வேன். என் அம்மா பின்னால் நின்று கூப்பிடுவாள்.

என் பிள்ளைகள் என் கண் முன்னால் இருக்க வேண்டும். நான் மாடு வளர்த்தது அதுக்குத்தான்.

பசுவோ எனக்குப் பாலை விடவில்லை. உட்கார்ந்தவுடன் மடியை எக்கிக்கொள்ளும். காம்பு வெறும் தோலாகத் தொங்கும். நான் இழுக்க இழுக்க அது திரும்பி என்னைப் பார்க்கும். பால் சென்டரில் கேனை வாங்குகிற பையன் ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பான்.

"என்னக்கா, மாடு கறந்ததா, பூனை கறந்ததா?"

"அளந்து எடுத்துக்கிட்டுப் பேசாம இரு."

"நான் பேசாம இருப்பேன். மடியில பால் தங்குனா மடி கல்லாப் போகும். அப்புறம் மாடும் பேசாம நிக்கும்."

அது எனக்கும் தெரியும். மடியின் பின்பக்கம் ஏற்கெனவே சூடாக இருந்தது.

லயத்தில் வீட்டைக் காம்பரா என்போம். பக்கத்துக் காம்பரா அக்கா எங்கள் குழாயில்தான் தண்ணீர் பிடிப்பாள். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவதைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஒன் புருசனுக்குப் பொண்டாட்டி நீயா, அந்தக் கறுப்பியா? அவரு போனதுக்கு நீ அழுது நான் பாக்கல. அதுதான் சோறு தண்ணி எறங்காம நிக்குது."

"அதையும் கூட்டிக்கிட்டுப் போயிருக்கலாம்."

"அவரு சட்டையப் போட்டுக்கிட்டுப் போயி உக்காரேன்டி. ஏமாந்தாலும் ஏமாறும்."

பகிடிக்குத்தான் சொன்னாள். நான் மறுநாளே போட்டேன்.

அது ஒரு பழைய காக்கிக் கோட்டு. பட்டியின் தூணில் ஆணியில் தொங்கும். கறக்கும்போது மட்டும் அவர் போடுவது. வாங்கிய நாளிலிருந்து அது தண்ணீரைப் பார்த்ததில்லை. பாலும் சாணியும் பீடியும் வியர்வையும் சேர்ந்து துணி பலகை மாதிரி விறைத்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கையை நுழைத்தேன். பொத்தானைப் போட்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு, பலகைக்கட்டையில் உட்கார்ந்தேன். வாயைத் திறக்கவில்லை. குரலைக் கேட்டால் கண்டுபிடித்துவிடும் என்று பயம். பசு திரும்பி முழங்கைப் பக்கம் முகர்ந்தது. பெரிதாக ஒரு மூச்சு விட்டது. பிறகு மடி தளர்ந்தது. வாளியில் பால் விழுகிற சத்தம் கேட்டது.

சந்தோஷமாக இருந்ததா என்றால் இல்லை. கை வலித்தது. கேன் நிறைந்தது. பையன், "ஆ, அண்ணன் வந்துட்டாரா?" என்று கேட்டான். வெறும் கேனை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அப்புறம் தினமும் அதே மாதிரி. விடியுமுன் எழும்பி, பிள்ளைகளைப் போர்த்திவிட்டு, பட்டிக்குப் போய்க் கோட்டைப் போடுவேன். கறந்து முடியும்வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அவர் முதலில் ஒவ்வொரு நாளும் போன் எடுத்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில். பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை. பட்டிக்கு மேலே நான் புல் அறுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்துக் காம்பரா அக்காவின் தம்பி வந்து சொன்னான். கொழும்புப் பக்கம் வத்தளையில் பஸ்ஸிலிருந்து அவரைப் பார்த்தானாம். கூட ஒரு பெண்ணாம். தோளில் ஒரு பிள்ளையாம்.

"அவரு மாதிரி இருந்திச்சா, அவருதானா?" என்று கேட்டேன்.

"அவருதான் அக்கா. கையக் கூட ஆட்டுனேன். மொகத்தத் திருப்பிக்கிட்டாரு."

மிச்சப் புல்லையும் அறுத்தேன். கட்டினேன். கட்டு சரியாக இறுகவில்லை என்று அவிழ்த்துத் திரும்பக் கட்டினேன். தலையில் தூக்கி வைக்க அவன் உதவி செய்தான். பட்டிக்கு வந்து மாடுகளுக்குப் போட்டேன். அன்றைக்கு என்ன சமைத்தேன் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. கிழங்கும் கருவாடும். வேறு ஒன்றும் எனக்குள் நடக்கவில்லை. அக்கா மட்டும் வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். சீலையெல்லாம் நனைந்தது. நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அந்த நாட்களில்தான் சின்னவள் பட்டிக்கு வரத் தொடங்கினாள். குளிரில் தொப்பியை மாட்டிக்கொண்டு, கம்பளியை இழுத்துக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் தூணடியில் நிற்பாள். முதல் நாள் நான் திரும்பவில்லை. பசு பாலை விட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா," என்றாள்.

நான் கறந்துகொண்டே இருந்தேன்.

"அப்பா, அக்கா என் பென்சில ஒடைச்சுப்புட்டா. ஒடைச்சிட்டு நான்தான் ஒடைச்சேன்னு சொல்றா."

அதட்டினால் பசு கலையும். "உம்" என்றேன். அவ்வளவுதான். அவள் திருப்தியாகத் திரும்பிப் போனாள்.

அதிலிருந்து வழக்கமாகிவிட்டது. கோழி முட்டையிடாததைச் சொன்னாள். பக்கத்துக் காம்பரா அக்கா சீனி கடன் வாங்கித் திருப்பித் தராததைச் சொன்னாள். ஒரு நாள் கையை நீட்டிக்கொண்டு வந்தாள். நீட்டியது என் முதுகுக்குத்தான்.

"அப்பா, இங்க பாருங்க. அம்மா கிள்ளிருச்சு. செவந்திருச்சு. அம்மாகிட்ட சொல்லிப்புடாதீங்க, திரும்பக் கிள்ளும்."

"உம்."

"சோத்துல உப்பும் போடல. நான் சொல்லல. சொன்னா மொறைக்கும்."

"உம்."

பெரியவளுக்கு ஆத்திரம். பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டே தங்கச்சியைப் பிடித்து உலுக்கினாள்.

"லூசு, அது அம்மாடி! அம்மாதான் கோட்டப் போட்டுக்கிட்டுக் கறக்குது."

"தெரியும்," என்றாள் சின்னவள்.

"தெரிஞ்சா ஏன்டி அப்பா அப்பாங்குற?"

"கோட்டு அப்பாவோடதுதானே."

பெரியவள் என்னைப் பார்த்தாள், நான் ஏதாவது சொல்வேன் என்று. தலை பின்னிவிட வேண்டிய நேரம். "இங்க வா, சீப்ப எடு," என்றேன்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள் புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அவர்தான்.

"மாடு எப்படி இருக்கு? பால் எறங்குதா?"

"எறங்குது."

"யாரு கறக்குறா?"

"நான்தான்."

"ஒனக்கு விடுதா அது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. "செனை மாடு எப்ப ஈனும்?"

பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். பின்பக்கம் ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. யாரோ தூக்கிக்கொண்டு போகிற சத்தமும் கேட்டது.

"கறுப்பிகிட்ட போனக் குடுக்கட்டா?" என்றேன். "அதுகிட்டயே பேசிக்கிறீங்களா?"

போன் நின்றுவிட்டது.

மறுநாள் காலையில் கோட்டைத் தொடவில்லை. உதைத்தால் உதைக்கட்டும், வற்றினால் வற்றட்டும் என்று என் சுவெட்டரோடு உட்கார்ந்தேன். மாட்டை விற்கிற ஆளின் முகம்கூட மனதில் வந்துபோனது. பசு திரும்பி என் முழங்கையை முகர்ந்தது. பெரிதாக மூச்சு விட்டது. பால் இறங்கியது. ஒரு சொட்டும் குறையவில்லை.

இத்தனை நாளில் அது என் கைக்குப் பழகியிருந்தது. எப்போது பழகியது என்று தெரியவில்லை. நான்தான் தேவையில்லாமல் அந்த நாற்றத்தைச் சுமந்திருக்கிறேன். கோட்டை ஆணியிலிருந்து எடுத்து விறகு மூலையில் எறிந்தேன். அடுப்பில் வைக்கலாம் என்று நினைத்தேன். பனியில் ஈரமாக இருந்தது, எரியாது. அப்படியே விட்டேன்.

அன்றைக்கும் சின்னவள் வந்தாள். தூணடியில் நின்றாள். என் முதுகைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கம்பளியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாளும் வந்து போனாள். அதற்கடுத்த நாள் வரவில்லை.

"என்னடி, ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல."

இல்லையென்றால் இல்லை. எனக்கு வேலை இருந்தது. சினை மாடு ஈன்றது. பொட்டைக் கன்று. சீம்பாலைக் காய்ச்சிக் கொடுத்தேன். பெரியவள் சட்டியை வழித்தாள். சின்னவள் ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு மெல்லத் தின்றாள். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். கூப்பிட்டால் திரும்பவில்லை. திமிர் என்று நினைத்து முதுகில் ஒன்று வைத்தேன். அழவும் இல்லை. பிறகு காய்ச்சல் வந்தது. தலையணை மாற்றும்போது பார்த்தேன். வலது காதுப் பக்கம் உறை மஞ்சளாக ஒட்டியிருந்தது. நாறியது.

பக்கத்துக் காம்பரா அக்காவை மாடுகளைப் பார்க்க வைத்துவிட்டு, முதல் பஸ்ஸில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் சின்ன இடுக்கியால் எடுத்து ஒரு தட்டில் போட்டார். சோளம். மாட்டுத் தீனியில் கிடக்கிற முழுச் சோள மணி ஒன்று. காதுக்குள் ஊறிப் பருத்து முளைவிடப் பார்த்திருந்தது. நர்ஸ் சிங்களத்தில் என்னை ஏசினார். இவ்வளவு நாளாகப் பிள்ளைக்கு வலித்திருக்கும், பக்கத்திலேயே இருக்கிற தாய்க்குத் தெரியாதா என்று கேட்டார். நான் தெரியாது என்று சிங்களத்திலேயே சொன்னேன். பிள்ளைக் காம்பராவில் விட்டிருந்தால் அங்கே இருக்கிற ஆயாவுக்காவது தெரிந்திருக்கும்.

பஸ்ஸில் வரும்போது மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"நீ அடிப்ப."

"வலிச்சிச்சுதானே?"

"அப்பாகிட்ட சொல்லலாம்னு வந்தேன். கோட்டு இல்ல."

கண்ணாடியில் மூச்சு படிந்திருந்தது. அவள் அதில் விரலால் எதையோ கிறுக்கினாள். எதிரே இருந்த ஒரு கிழவர் அவளுக்கு டொபி கொடுத்தார். என்னைக் கேட்காமலே வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். அழுகை வருமா என்று நான் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை. தரிப்பிடம் வந்தது. இறங்கினோம்.

மறுநாள் காலையில் விறகு மூலையிலிருந்து கோட்டை எடுத்தேன். எலி அதன் சட்டைப் பை ஒன்றைக் கடித்திருந்தது. உதறிப் போட்டுக்கொண்டு, கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டு உட்கார்ந்தேன். பசு திரும்பி முகர்ந்துவிட்டு அசை போட்டது. அதுக்கு இது எதுவும் தேவையில்லை. நான் மெதுவாகக் கறந்தேன். பால் சென்டருக்கு வருகிற லொறிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனாலும் மெதுவாகவே கறந்தேன்.

தூணடியில் கம்பளி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"அப்பா."

"உம்."

"காதுல பஞ்சு வச்சிருக்காங்க. சோளத்த நான்தான் போட்டேன். மொளைக்குதான்னு பாக்க."

"உம்."

"ஆஸ்பத்திரில அம்மாவ ஏசுனாங்க. எல்லாரும் பாத்தாங்க. நீங்க ஏசாதீங்க, என்னா?"

"உம்," என்றேன்.

அவள் போகவில்லை. இன்னும் ஏதோ இருந்தது. மடியில் பால் தீர்ந்துவிட்டிருந்தது. வெறும் காம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.