எனக்குத் தராத ஆய்வறிக்கை

என் மனைவி வேலை பார்க்கும் பட்டாசு கம்பெனியின் பாதுகாப்பு ஆய்வறிக்கையைக் கேட்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்று முறை மனுப் போட்டேன். மூன்று முறையும் ஒரே பதில்: "வணிக ரகசியம். தர இயலாது."

இன்று சாத்தூர் பஸ்ஸில் அந்தக் கம்பெனியின் கணக்கர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவரிடம் புலம்பினேன்.

"அந்த ரிப்போர்ட்டா? நாந்தான எளுதுனேன்," என்றார் பெருமையாக. "செக் பண்ண வந்த ஆபீசர் வெயிலுக்குப் பயந்து ஃபேனுக்கு அடியிலயே இருந்துட்டாக. 'ஒம்ம கையெளுத்து அளகா இருக்கு, எல்லாம் சரியா இருக்குன்னு எளுதும்'னுட்டாக."

எனக்கு வயிறு எரிந்தது. நான் கண்ணால்கூடப் பார்க்க முடியாததை இந்த மனுசன் எழுதியே இருக்கிறார்!

நாலாவது மனுவை அவரையே எழுதச் சொல்லப்போகிறேன். அந்த எழுத்தைத்தான் கவர்மெண்ட் ஆபீசில் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்கிறார்களே.

என்ன சொல்றீக?