நிமிர்ந்து நிற்கப் படிப்பித்த அமலோற்பவம் டீச்சர்

அமலோற்பவம் டீச்சர் இறந்துவிட்ட செய்தி எனக்குப் பள்ளிக்கூட அலுவலகத்தில் வைத்துத்தான் கிடைத்தது. மாத்தளை ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய தங்கை போன் பண்ணியிருந்தார். எடுத்தவர் எங்கள் அதிபர். கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "பெனர் ஒண்ணு அடிக்கணும். டீச்சர்ட நல்ல போட்டோ யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார். என்னிடம் இருந்தது. நான் கொடுக்கவில்லை.

ஆகவே அவருடைய அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துத்தான் பள்ளிக்கூட வாசலில் கட்டினார்கள். அதில் டீச்சரைப் பார்த்தால் பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருந்தது. கீழே 'தலைமைத்துவத்தின் தாய்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். சீனி வியாதியில் பாதி உடம்பாகிப் போயிருந்தாலும், இதைக் கண்டிருந்தால் எழுந்து வந்து கிழித்துப் போட்டிருப்பார். இரங்கல் கூட்டத்தில் மூன்று பேர் அவரை அன்பான டீச்சர் என்று சொன்னார்கள். அதிபர் கண்கலங்கினார். அங்கே பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் டீச்சரைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

அவர் அன்பான டீச்சர் இல்லை. பொல்லாத மனுஷி. யட்டவத்தைப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்து, கோயில் சிஸ்டர்மார் தயவில் படித்து, எங்கள் பள்ளிக்கூடத்தில் வணிகக் கல்வி ஆசிரியையாக வந்தவர். நான் பக்கத்து வகுப்பில் கணிதம். இரண்டுக்கும் நடுவே அரைச்சுவர்தான் என்பதால், அவர் பிள்ளைகளைத் திட்டிய ஒவ்வொரு சொல்லையும் கேட்டிருக்கிறேன். என் பிள்ளைகள் பெருக்கலை விட்டுவிட்டு அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

தோட்டத்துப் பிள்ளைகள் பெரியவர்களிடம் பேச வந்தால் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு தோளைச் சரித்து, தரையைப் பார்ப்பார்கள். தோட்டத்துத் துரைக்கு முன்னால் அப்பா அம்மா நிற்பதைப் பார்த்துப் பழகியது. டீச்சருக்கு அது கண்ணிலேயே காட்டக்கூடாது. "கையைக் கட்டாத. நான் தொரையா? வெளிய போ, மறுபடி வா" என்பார். பிள்ளை வெளியே போய், மறுபடி வந்து, மறுபடி கையைக் கட்டும். மறுபடி வெளியே. ஒரு பிள்ளை மணி அடிக்கும்வரை வாசலுக்கும் மேசைக்குமாக நடந்து, விக்கி விக்கி அழுதது. இது சித்திரவதை என்று நான் போய்ச் சண்டை பிடித்தேன்.

"தொரை ஜீப்பைக் கண்டா எங்கப்பா ரோட்டோரக் கானுக்குள்ள எறங்கி நிப்பாரு டீச்சர். மழை நாள்ல முழங்கால் வரைக்கும் தண்ணி ஓடும். ஜீப்பு போறவரைக்கும் ஏற மாட்டாரு. நீங்க அதைப் பார்த்ததில்ல" என்றார் என்னிடம். டவுனில் வளர்ந்த நான் அதைப் பார்த்ததில்லைதான்.

உயர்தர வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைக் கொண்டு ஒரு கம்பனி தொடங்குவார். விளையாட்டு இல்லை, நிஜக் கம்பனி. மற்ற வகுப்புகளுக்கும் பெற்றோருக்கும் பங்கு விற்று, அந்தப் பணத்தில் மிளகும் மஞ்சளும் மல்லியும் வாங்கி, அரைத்து, சின்னப் பக்கட்டுகளில் அடைத்து விற்பார்கள். மாத்தளையில் இதற்கா பஞ்சம்? பள்ளித் தவணை முடிவில் பங்குதாரர் கூட்டம். மனேஜராக இருக்கும் பிள்ளை அத்தனை பேர் முன்னாலும் நின்று, என்ன நடந்ததென்று சொல்ல வேண்டும்.

யோகராஜ் மனேஜராக இருந்த முதல் தவணையில், மஞ்சளைச் சரியாகக் காயவைக்காமல் அடைத்து அத்தனையும் பூஞ்சணம் பிடித்துவிட்டது. அவனுடைய அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர், அப்பா இல்லை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த புதிதில் பெயர் கேட்டாலே கையைக் கட்டுகிற பிள்ளை. கூட்டத்தில் எழுந்ததும், "எல்லாரும் என்னைய மன்னிச்சுக்கங்க" என்று தொடங்கினான். பின்வரிசையிலிருந்து டீச்சரின் குரல் வந்தது. "நட்டத்துக்குக் காரணம் சொல்லு. மன்னிப்பெல்லாம் சாமிகிட்ட கேளு."

அவன் கைகளைப் பக்கவாட்டில் விட்டு, காரணம் சொன்னான். எங்கே பிழை நடந்தது, அடுத்த தவணையில் எதை மாற்றப் போகிறோம் என்று ஒவ்வொன்றாக. பங்கு வாங்கியிருந்த கடைக்காரர் ஒருவர், தோட்டத்துப் பயல்களுக்கு எதற்கு வியாபாரம் என்கிற மாதிரிக் குத்தலாக ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னான். அன்று டீச்சர் எனக்குக் கன்டீனில் பிளேன்டீயும் வடையும் வாங்கித் தந்தார். அவர் கையால் அப்படி வாங்கித் தின்றது அபூர்வம். என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "சும்மா தின்னுங்க" என்றார்.

அந்த வருடம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் கிடைத்திருந்தது. தூசி படும் என்று அதிபர் அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். டீச்சர் துணியை எடுத்தார். தான் ஒரு கடையில் பணம் கட்டிப் படித்து வந்து, பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். அடுத்த தவணையில் பக்கட்டுகளைத் தம்புள்ளைக்குக் கொண்டுபோய் விற்பது என்று கம்பனி முடிவெடுத்தது. மொத்த மரக்கறிச் சந்தைக்கு வரும் லொறிக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது வாங்குவார்கள் என்பது யோகராஜின் கணக்கு. அதற்கு முதலில் சந்தை ஆய்வு செய்யச் சொன்னார் டீச்சர். எத்தனை வாசல், லொறிகள் எங்கே நிற்கின்றன, எந்த நேரத்தில் சனம் கூடுகிறது என்று பார்த்து, வரைபடம் போட வேண்டும். பையன்கள் போகும்போது கையில் வைத்துக்கொள்ள ஒரு கடிதம் கேட்டு அதிபரிடம் போனார். "இதுக்கெல்லாம் எதுக்குக் கடிதம், போய்ட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டார் அதிபர்.

யோகராஜ் ஒருதரம் போய்ப் பார்த்து வந்து, கம்ப்யூட்டரில் சந்தையின் வரைபடத்தைக் கீறினான். வாசல்களுக்கு அம்புக்குறி. சனம் ஆகக் கூடுதலான நேரத்துக்குச் சிவப்புக் கோடு. அச்சடித்து, பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, எல்லாம் சரிதானா என்று பார்க்க மறுபடி தம்புள்ளைக்குப் போனான். திரும்பி வரும் வழியில் செக் பொயின்டில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள்.

பஸ்களில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஒரு தமிழ்ப் பையனின் கையில் சந்தையின் படம், வாசல்களின் குறி, சனம் நிறையும் நேரம். அவனைப் பிடித்துப் பொலிஸில் கொடுத்த சிப்பாயை நான் குறை சொல்ல மாட்டேன், நானாக இருந்தாலும் பயந்திருப்பேன். எங்களுக்குத்தான் புத்தி வேலை செய்யவில்லை. நாங்கள் அதைப் பாடம் என்றே பார்த்துப் பார்த்து, வேறு கண்ணால் பார்க்க மறந்துவிட்டோம்.

பொலிஸிலிருந்து பள்ளிக்கூடத்துக்குப் போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அதிபர் சிங்களத்தில் சொன்னது இதுதான்: பள்ளிக்கூடம் அப்படி ஒரு வேலையும் கொடுக்கவில்லை, அது அந்த டீச்சருடைய சொந்த விஷயம். இரங்கல் கூட்டத்தில் கண்கலங்கினாரே, அதே அதிபர்தான்.

மறுநாள் காலையில் டீச்சரும் நானும் பொலிஸுக்குப் போனோம். பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர். கதிரை போடச் சொன்னார். டீச்சர் பாடப்புத்தகத்தைத் திறந்து காட்டினார், கம்பனியைப் பற்றிச் சொன்னார், மிளகுப் பக்கட்டை எடுத்து மேசையில் வைத்தார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிங்களத்தில் சொன்னது எனக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம் டீச்சர், ஆனால் தோட்டத்துப் பையன் ஒருவன் இவ்வளவு அடி வாங்கியும் அழவில்லை, காலைப் பிடிக்கவில்லை, கண்ணைப் பார்த்து வரிசையாகப் பதில் சொல்கிறான், இவனை யாரோ பழக்கியிருக்கிறார்கள் என்றார்.

"நான்தான் பழக்கினேன்" என்றார் டீச்சர். அதிகாரி சிரித்தார். நம்பவில்லை. பின்னேரம் கொழும்பிலிருந்து வாகனம் வரும், அதில் ஏற்றிவிடுவோம் என்றார். அப்படி ஏற்றப்பட்டவர்கள் எப்போது திரும்பினார்கள், திரும்பினார்களா என்பதெல்லாம் நம் எல்லாருக்கும் தெரியும்.

பையனைப் பார்க்க விட்டார்கள். உதடு வீங்கி, ஒரு கண் மூடியிருந்தது. எங்களைக் கண்டதும் நேராக நின்றான். கைகள் பக்கவாட்டில். "டீச்சர், நான் ஒண்ணும் மறைக்கலங்க. கேட்டதுக்கெல்லாம் காரணம் சொல்லிட்டேன்" என்றான். சரியாகச் செய்தாய் என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தான்.

"காரணம் சொன்னது போதும். கையைக் கட்டு" என்றார் டீச்சர்.

அவனுக்கு விளங்கவில்லை.

"கையைக் கட்டுடா. தலையைக் குனி. அந்த அதிகாரிட கால்ல விழுந்து அழு."

"நான் என்ன டீச்சர் தப்பு செஞ்சேன்?"

"தப்பு செஞ்சவன் மாதிரி அழு."

அவனுக்கு அழுகை வரவில்லை. வாயைத் திறந்து ஏதோ முயன்று பார்த்தான், முடியவில்லை. டீச்சர் அவன் கன்னத்தில் அறைந்தார். அந்த வீங்கிய கன்னத்தில். நாக்கால் எத்தனையோ பிள்ளைகளைக் கிழித்தவர், ஒரு பிள்ளையையும் கையால் தொட்டதில்லை. பையன் உடைந்து அழத் தொடங்கினான். அவன் பிடரியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் அதிகாரியின் காலடியில் விழுத்தினார். பிறகு தானும் கையைக் கட்டிக்கொண்டு, தோளைச் சரித்து, "மாத்தயா, இவன் ஒன்றும் தெரியாத தோட்டத்து மடையன், யார் எதைச் சொன்னாலும் செய்வான்" என்று சிங்களத்தில் கெஞ்சினார். டீச்சரின் உடம்புக்கு அப்படி நிற்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அதிகாரியின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. இப்போதுதான் அவருக்குத் தெரிந்த தோட்டத்துப் பையனாக அவன் மாறியிருந்தான். வாகனம் வருவதற்கு முன்னமே கையெழுத்து வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார். நாங்கள் போகும்போது மிளகுப் பக்கட்டையும் எடுத்து வைத்துக்கொண்டார்.

பஸ்ஸில் யோகராஜ் முன் ஆசனத்தில் தனியாக இருந்தான். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. அலுவிகாரை தாண்டும்போது, அவனுடைய உயிரைக் காப்பாற்றிவிட்டீர்கள் டீச்சர் என்று சொன்னேன். "உசிரை மட்டும்தான் கூட்டிக்கிட்டு வாறேன். ஆளை அங்கேயே விட்டுட்டேன்" என்றார்.

அவன் பிறகு பள்ளிக்கூடம் வரவில்லை. டீச்சர் லயத்துக்கே தேடிப் போனார், நானும் கூடப் போனேன். வெளியே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சொல்லுங்க டீச்சர்" என்றான். பரீட்சையையாவது எழுதச் சொன்னார். சரிங்க என்றான். கையை எடுக்கச் சொன்னார். அதற்கும் சரிங்க என்றான், எடுக்கவில்லை. அடுத்த மாதம் கொழும்பில் ஒரு கடைக்குச் சாமான் கட்டப் போய்விட்டான்.

டீச்சர் கம்பனியை நிறுத்தவில்லை. ஆனால் பாடத்தின் தொடக்கத்தை மாற்றிவிட்டார். கணக்கீட்டுக்கும் சந்தைக்கும் முன்னால், செக் பொயின்டில் நிற்பது எப்படி என்று படிப்பித்தார். பையை எந்தக் கையில் பிடிப்பது, கண்ணை எங்கே வைப்பது, எப்போது அழுவது. சரியாகக் குனியாத பிள்ளையை வெளியே அனுப்பி மறுபடி வரச் சொன்னார். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு அவருடைய பிள்ளைகள் ஒருவரும் பிடிபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

டீச்சரின் சாவை யோகராஜுக்கு நான்தான் போனில் சொன்னேன். "அப்படிங்களா டீச்சர். சரிங்க டீச்சர்" என்றான். அடக்கம் எப்போது என்று சொன்னேன். அதற்கும் சரிங்க என்றான். வரவில்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மூன்று பேர் மேடையில் பேசியதைவிட அந்தச் 'சரிங்க' எனக்கு நிறையச் சொன்னது.

போர் முடிந்துவிட்டதாம். டவுனில் பட்டாசு கொளுத்தி, பாற்சோறு கொடுத்தார்கள். டீச்சருடைய வகுப்பை, வேறு ஆள் வரும்வரை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் அதிபர். அந்தச் செக் பொயின்ட் பாடம் இனி வேண்டாம், நாடு மாறிவிட்டது, தலைமைத்துவத்திலிருந்து தொடங்குங்கள் என்றும் சொன்னார். நேற்றுத் தம்புள்ளைக்குப் போய்வந்தேன். அதே இடத்தில் பஸ்ஸை நிறுத்தினார்கள், எல்லாரும் இறங்கி நடந்தோம். நான் யோசிக்காமலே கையைக் கட்டியிருந்தேன்.

டீச்சரிடமிருந்து ஏதாவது நல்லதை எடுத்து வைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். பூஞ்சணம் பிடித்த மஞ்சளுக்குக் காரணம் சொன்ன பையன் நின்ற நிலையை வைத்துக்கொள்ள ஆசை. ஆனால் திங்கட்கிழமை காலையில் அந்த வகுப்புக்குள் போனதும், பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, எவ்வளவு குனிய வேண்டும் என்றுதான் முதலில் காட்டப்போகிறேன்.