விதைப்புக்கு நின்ற படம்

கோவில்பட்டியில் சாஜிதா அக்காவுக்கு ஒரு ஸ்டுடியோ உண்டு. கல்யாணம், பள்ளி ஆண்டுவிழா, விதைக்கடை விளம்பரம் என்று அதில் வேலை ஓயாது. பங்குனி பிறந்து புஞ்சைக் காடுகள் வெறுமையாகக் கிடக்கும்போது மட்டும் அவர் சினிமா எடுப்பார். கூட ஏழு பேர், எல்லோரும் மானாவாரி விவசாயிகள்.

நான் ஊர் திரும்பிய வருடம் மூன்றாவது படம் நடந்துகொண்டிருந்தது. போன ஊர்களிலெல்லாம் சொந்தக் காசில் ஒரு படம் எடுத்து, அதோடு வீட்டை விற்றவர்களைத்தான் பார்த்திருந்தேன். இவர்கள் எப்படி மூன்றுக்கு வந்தார்கள் என்று கேட்டேன்.

"யாரும் சோத்து வேலைய விடலைல்லா" என்றார் அக்கா. விதைப்பு வந்தால் கேமரா மூடப்படும். அது முதல் நாளே அவர் கொடுத்த வாக்கு.

விளாத்திகுளம் பக்கம் பேச்சித்தாயின் காட்டில் படப்பிடிப்பு. ஐம்பது வயதுப் பேச்சித்தாய்தான் கதாநாயகி. வெறுங்காட்டில் அவர் நடந்து போகும் மூன்று நாள் காட்சி மட்டும் பாக்கி. புரட்டாசி தொடக்கத்தில் சென்னையிலிருந்து ஓர் ஓடிடி நிறுவனம் அழைத்தது. பத்து நாளில் முடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களாம். வெளியிலிருந்து ஒருவர் அவர்கள் படத்தைக் கேட்டது அதுவே முதல் தடவை.

அன்று சாயங்காலம் மழை.

விடிந்தபோது, உறக்கத்தில் மூச்சு விடுவதுபோல் கரிசல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஈரம் காய்வதற்குள் உளுந்து விதைத்தாக வேண்டும். விதைத்த காட்டில் யாரும் கால் வைக்க முடியாது.

"மூணு நாள்தான ஏட்டி, எடுத்துக்கோ. பொறவு வெதைச்சுக்கிடுதேன்" என்றார் பேச்சித்தாய்.

"ஈரம் இருக்குமா மதினி?"

"இருந்தா இருக்கும்."

கேமராக்காரர் சுடலைக்குமார் அதற்குள் கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏலே, அதுக்குள்ள மூட்ட கட்டுத?"

"நீங்க சொன்னதுதானக்கா. எனக்கும் காடு கெடக்குல்லா."

"ஒரு மூணு நாள்..." என்று தொடங்கிய அக்கா நிறுத்திக்கொண்டார். "வேண்டாம். இந்த வருசம் மூணு நாள் கேப்பேன், அடுத்த வருசம் முப்பது நாள் கேப்பேன். நீ போ."

சென்னைக்கு அழைத்து, அடுத்த கோடையில் தருவதாகச் சொன்னார். எதிர்முனையில் சிரிப்பு. "படம் என்ன மேடம், பருத்தியா?"

"இல்ல சார். உளுந்து."

அழைப்பு துண்டிக்கப்பட்டது. அன்று முழுக்க அக்கா ஏருக்குப் பின்னால் சாலில் விதை போட்டார். "நெருக்கிப் போடாதட்டி, கல்யாண வீட்டு அட்சதையா இது?" என்று பேச்சித்தாய் திட்டிக்கொண்டே வந்தார்.

படத்தை வாங்க வேறு ஆள் வரவில்லை. வாங்க ஆளில்லாத படத்துக்கு மறுபடி யார் வருவார்கள் என்ற கேள்வி ஆறு மாதமும் அக்காவின் கூடவே இருந்தது.

பங்குனியில் ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாகப் பேச்சித்தாய், கையில் ஒரு துணிப்பை. உள்ளே படத்தில் கட்டும் சேலை, போன வருடப் புழுதியோடு.

"தொவைக்கவே இல்ல. நாறுதுன்னு மக வெளிய போட்டுட்டா. காட்சி மாறிரக் கூடாதுல்லா."

அக்கா அந்தச் சேலையை வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார்.

உச்சி வெயிலில் பேச்சித்தாய் நடந்தார். கானலில் முதலில் அவர் பாதம் கரைந்தது, பிறகு சேலைக் கரை.

"ஏட்டி, இன்னும் எம்புட்டு தூரம் போகணும்?"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது.