வடிகட்டியில் நின்ற புள்ளி

பேயாவது பிசாசாவது என்று சிரிக்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. இது என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, நடந்தது. பதிவான நேரங்களை என் கண்ணால் பார்த்தேன். ஒரு நிமிடம்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

அத்தானுக்குத் துறைமுகக் கோபுரத்தில் ரேடார் வேலை. ரேடாருக்குக் கப்பலும் ஒன்றுதான், அலையும் ஒன்றுதான். எதில் பட்டுத் திரும்பினாலும் திரையில் புள்ளி வைத்துவிடும். கடல் கொந்தளித்தால் திரை முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் ஆகிவிடும். அதுதான் இரைச்சல். அதை அழிக்க வடிகட்டி உண்டு. குமிழைத் திருகினால் மெலிந்த புள்ளிகள் மறையும். கொஞ்சம் அதிகமாகத் திருகினால் சின்னப் படகும் சேர்ந்து மறைந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பது கைப்பக்குவம். அத்தான் அதில் கில்லாடி. அவருக்குத் ‘துடைப்பம்’ என்றே பட்டப்பெயர். வைத்தது அவருடைய சொந்தத் தம்பி. துறைமுகத்தில் ஃபைபர் படகு ஓட்டுகிறவன், வாய் ஓயாதவன். வயர்லெஸ்ஸில்கூட "துடைப்பம் சார்" என்றுதான் கூப்பிடுவான்.

அன்று பட்டப்பகல். மூடுபனி இறங்கி, ஜன்னலுக்கு வெளியே எதுவுமே தெரியவில்லை. அலையும் பெரிது. நடுக்கடலில் நின்ற கப்பலில் ஓர் ஆளை ஏற்றிவிட்டு, தம்பி தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தான்.

மணி 3.08.

"துடைப்பம் சார், கண்ணே தெரியலை. பாறை எந்தப் பக்கம்?"

அவன் குரலுக்குப் பின்னால் இஞ்சின் உறுமியது. திரை முழுக்க இரைச்சல். குமிழைத் திருகினார். இன்னும்... இன்னும் கொஞ்சம்...

3.11. நடுக்கடல் கப்பலைத் தவிர எல்லாம் அழிந்தது. கூடவே ஒரே ஒரு புள்ளி நின்றது. பளிச்சென்று.

"அப்பாடா! பார்த்துட்டேன்டா. இடது பக்கம் திரும்பு. நேரா வா."

"சரி, துடைப்பம் சார்."

3.12. புள்ளி இடது பக்கம் திரும்பியது. அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

3.20. "இன்னும் கொஞ்ச தூரம்தான். பயப்படாதே, நான் இருக்கேன்ல?"

"சரி."

அவ்வளவுதான். கேலி இல்லை. பின்னால் இஞ்சின் சத்தமும் இல்லை. பாவம், பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் இரும்பே இல்லாத சின்ன ஃபைபர் படகு ரேடாரில் இவ்வளவு பளிச்சென்று தெரியாதே?

3.27. குமிழைக் கடைசிவரை திருகிப் பார்த்தார். அந்தப் பெரிய கப்பலே மங்கியது. புள்ளி மங்கவில்லை.

3.35. "வேகத்தைக் குறை. அலைதடுப்புச் சுவர் வருது."

"சரி."

குறையவில்லை. சுவரின் மேலேயே... ஏறி வந்தது.

"டேய்! நில்லுடா!"

"சரி."

நிற்கவில்லை. நூறு மீட்டர்... நாற்பது... பத்து...

3.41. பூஜ்யம்.

ரேடாரில் பூஜ்யம் என்றால், அவர் உட்கார்ந்திருந்த அந்தக் கோபுரமேதான்.

படியில் காலடி. தட்... தட்... தட்...

கதவுக்கு வெளியே நின்றது.

"தம்பி...?"

"சரி."

வயர்லெஸ்ஸில் இல்லை.

கதவுக்குப் பின்னால்.

திறந்தார். யாரும் இல்லை.

5.20க்கு ஒரு மீன்பிடிப் படகு தம்பியைக் கொண்டுவந்தது. உடம்பைத்தான். படகு பாறையில் மோதி உடைந்திருந்தது.

மறுநாள் விசாரணையில் வயர்லெஸ் பதிவைப் போட்டார்கள். 3.12க்குப் பிறகு அதில் தம்பியின் குரலே இல்லை. அத்தான் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறார், பதிலுக்கு இடம் விட்டு விட்டு.

பிறகு ரேடார் பதிவைத் திறந்தார்கள். வடிகட்டுவதற்கு முன், இரைச்சலோடு அப்படியே சேமித்தது. வடிகட்டி இருப்பதை அழிக்கும், இல்லாததை வரையாது. ஆனால் அந்தப் பளிச்சென்ற புள்ளி அந்தப் பதிவில் எங்குமே இல்லை.

வேறொன்று இருந்தது. இரைச்சலுக்கு நடுவில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரிகிற மெலிந்த ஒரு புள்ளி. பாறைக்கு விலகி, சரியான வழியில்தான் வந்துகொண்டிருந்தது. 3.12க்கு, அத்தான் சொன்னபடியே, இடது பக்கம் திரும்பியது. 3.19க்குப் பாறையில் நின்றது. அதற்குப் பிறகு அசையவே இல்லை.